ஸலாமை நிறுத்திவிடாதீர்கள்



நம் ஊர்களில் ஒரு மௌனம் பரவி வருகின்றது. மகன் கட்டாரில் தொழில் புரிகின்றான். மாதம் தவறாமல் பணம் வருகின்றது. அவனது குரல் மட்டும் வருவதில்லை. திருமணப் பேச்சிலோ, காணிப் பங்கீட்டிலோ வாப்பாவுடன் ஏற்பட்ட முரண்பாடுதான் காரணம். வாப்பாவின் இலக்கத்தை வட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளும் உளர். உம்மாவோ, பேரப்பிள்ளையின் தொலைபேசியில் மகனின் படத்தைத் தேடிப் பார்க்கின்றார்.

அன்புத் தம்பிமாரே! தங்கைமாரே! பணம் அனுப்புவதுடன் கடமை முடிந்துவிட்டதென நீங்கள் எண்ணலாம். ஹிஜ்ரத்துக்காக உறுதிமொழி அளிக்க நபி (ஸல்) அவர்களிடம் வந்த ஒருவர், தம் பெற்றோரை அழும் நிலையில் விட்டு வந்ததாகக் கூறினார். திரும்பிச் சென்று, அழவைத்ததைப் போலவே அவர்களைச் சிரிக்க வைக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அபூதாவூதில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அவர் வந்ததோ ஹிஜ்ரத் எனும் பெரும் நற்செயலுக்கு! ஆயினும், பெற்றோரின் கண்ணீரே அங்கு முதலில் கவனிக்கப்பட்டது.

பெற்றோர் சொல்வதெல்லாம் சரியென வாதிட நான் வரவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களின் தந்தை சிலை வணக்கத்தில் இருந்தார். ஸூரா மர்யமின் 42 முதல் 45 வரையான நான்கு வசனங்களிலும் அவரைப் பாசத்துடன் 'தந்தையே' என்றே நபியவர்கள் விளிக்கின்றார்கள். தந்தையோ கல்லெறிந்து கொல்வதாக மிரட்டி, விலகிப் போகச் சொன்னார். மகன் விலகித்தான் சென்றார். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஸலாம் கூறியே விடைபெற்றார். விலகுவதற்கும் வெட்டிக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

(அடி உதைக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் பிள்ளையின் விடயம் வேறு. அவரை உடனே வீடு திரும்புமாறு நான் சொல்லமாட்டேன்.)

இம்மௌனம் உங்களையும் தின்கின்றது. பெருநாள் தொழுகை முடிந்து அறைத் தோழர்கள் எல்லோரும் ஊருக்கு கோல் எடுக்கும்போது, வேலை இருப்பதுபோல் சமையலறைப் பக்கம் ஒதுங்குபவர் படும் வேதனையை யார் அறிவார்?

பெற்றோர்களே! "என் மையித்துக்கும் வராதே" என்று கோபத்தில் சொல்லிவிட்டு, இப்போது அவனே முதலில் பேசட்டுமெனக் காத்திருக்கின்றீர்களா? தம்மை ஏமாற்றிய புதல்வர்களோடும் யஃகூப் (அலை) அவர்கள் பேச்சை முறிக்கவில்லை. துயரத்தால் கண்கள் வெளுத்துப்போன நிலையிலும், யூஸுபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறு அவர்களையே அனுப்பினார்கள். நீங்கள் சொன்ன வார்த்தையை நீங்களே வாய்திறந்து மீளப்பெற வேண்டும். ஊர்ப் பெரியவர் மூலம் தூது அனுப்பினால் போதாது.

தம்பிமாரே, முதல் அழைப்பிலேயே காணி விவகாரத்தைத் தொடாதீர்கள். யார் சரி, யார் பிழை என்பதும் வேண்டாம். ஸலாம் கூறுங்கள். வாப்பாவின் சீனி வருத்தம் எப்படியென விசாரியுங்கள். அவர் மறுமொழி சொல்லாது உம்மாவிடம் தொலைபேசியை நீட்டினாலும் மனம் தளராதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் எடுங்கள். அங்கு இரவு எட்டு மணியாகும்போது இங்கு பத்தரை. நேரம் பிந்திவிட்டதே எனத் தயங்காதீர்கள். உம்மா விழித்துத்தான் இருப்பார்.