செய்தலும் செய்வித்தலும்



நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் மென்பொருள் துறையில் 11 ஆண்டுகள் நிரல் எழுதிய மாணவி ஒருவர், மேலாளராக உயர்ந்த சில மாதங்களில் நம்மைக் காண வந்தார். மகிழ்ச்சியோடு வந்திருப்பார் என எண்ணினோம். “ஐயா, முன்பெல்லாம் மாலையில் இன்னது செய்தேன் என்று சொல்ல முடிந்தது. இப்போது நாள் முழுதும் கூட்டம், பேச்சு. செய்தது என்று காட்ட ஒரு வினைச்சொல்கூட இல்லை” என்றார்.

அவர் வினைச்சொல் என்றதால் இலக்கணத்திலேயே விடை தேடினோம். தானே செய்பவனை இயற்றுதற்கருத்தா என்றும், பிறரைக்கொண்டு செய்விப்பவனை ஏவுதற்கருத்தா என்றும் நம் இலக்கணம் பகுக்கிறது. கரிகாலன் கல்லணை கட்டினான் என வகுப்பில் எடுத்துக்காட்டுத் தருகிறோம். அவன் கல் சுமந்தான் என்று எந்த மாணவரும் பொருள் கொள்வதில்லை. ஆயினும் அந்த வினைக்கு அவனே எழுவாய். இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவும் 1983இல் வெளிவந்த தம் மேலாண்மை நூலில், மேலாளரின் ஆக்கம் என்பது அவருடைய குழுவும் அவரது செல்வாக்குக்கு உட்பட்ட பிற குழுக்களும் தரும் ஆக்கமே என்றார்.

ஆனால் ஏவுதல் என்பது கட்டளையிட்டு அமர்ந்திருத்தல் அன்று. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணியை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், காலந்தாழ்ந்த மென்பொருள் பணியில் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்று 1975இல் எழுதினார். ஐவர் குழுவில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பதின்மர் ஆனால் 45. இவ்வழிகள் அடைபடாமல் காப்பதற்கே அம்மாணவி சலித்துக்கொண்ட பேச்சும் கூட்டமும். (பயனற்ற கூட்டங்களுக்கு நாம் வாதாடவில்லை, பல்கலைக்கழகத்தில் அவற்றையும் நிறையக் கண்டோம்.)

பேச்சினிடையே இன்னொன்றையும் அவர் ஒப்புக்கொண்டார். குழுவிலுள்ள இளைஞர் ஒருவர் எழுதிய நிரலை, இரவில் வீட்டிலிருந்து தாமே திருத்தி எழுதிவிடுவாராம். அந்த இளைஞர் இப்போது ஐயம் கேட்க வருவதே இல்லையாம்.

ஆசிரியர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. ‘கல்’ என்னும் வேரோடு ‘பி’ என்னும் பிறவினை விகுதி சேர்ந்தே ‘கற்பி’ ஆகிறது. மாணவரின் கட்டுரையை ஆசிரியரே எழுதிக் கொடுத்தால் கட்டுரை சிறக்கும், விகுதி உதிர்ந்துவிடும். இதைத்தான் அவரிடம் சொன்னோம்.

அண்மையில் தொலைபேசியில் பேசினார். பிழையுள்ள வரியைச் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்துவிடுகிறாராம். “கை துறுதுறுக்கிறது, ஐயா” என்றார். இளைஞர் மீண்டும் ஐயம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.