பழைய காகிதமும் பரம்பரைச் சொத்தே

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடும்பங்களின் பூர்வ சரித்திரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறி, முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகத்தில் ஃபைல்களோடு காலம் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த காகிதத்தைப் பற்றியே பேசுகிறேன். முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் ஆலப்புழையில் ஒரு கயிறு கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவர். எந்தத் தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பாய் நெய்தார், கூலி எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. கம்பெனியை மூடியபோது, வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பதிவேடுகள் சிலவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு எடுத்து வந்து, கரமனை அக்ரஹாரத்து வீட்டு மச்சில் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, 1991-ல் வீட்டைப் புதுப்பித்தோம். பூச்சி அரித்த குப்பை என்று சொல்லி, நானே அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு பெரியவர் ஆலப்புழையிலிருந்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா அதே கம்பெனியில் தறி நெய்தவராம். 1938-ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலை போயிற்றாம். "அப்பாவின் போட்டோகூட எங்களிடம் இல்லை. அவர் பெயர் எங்கேயாவது எழுத்தில் இருந்தால் ஒரு தடவை பார்க்கவேண்டும். உங்கள் தகப்பனார் பழைய புஸ்தகங்கள் வைத்திருந்ததாகக் கேள்வி" என்றார். நான் என்ன சொல்வேன்? காபி கொடுத்து அனுப்பினோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலின் பொதுவான சரித்திரம் நமக்குத் தெரியும். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1922-ல் வாடப்புறம் பாவாவின் முயற்சியால் திருவாங்கூர் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1938 அக்டோபரில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர்களின் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. தறியில் நின்றவரின் பெயர் இருந்த இடம் கூலிப் பதிவேடு ஒன்றுதான்.

இது இன்று நேற்று ஏற்பட்ட குறை அல்ல. நம் பத்மநாபசுவாமி கோயில் சீவேலிப்புரையை மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் கட்டியபோது 4,000 கல்தச்சர்களும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு மாதம் வேலை செய்ததாகச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. சீவேலி தொழும்போது அந்தக் கல்தூண்களைப் பார்த்துப் பிரமிக்கிறோம். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

ஆனாலும் திருவாங்கூர் சமஸ்தானம் எழுதி வைப்பதில் சளைத்ததல்ல. கோயிலின் மதிலகம் ஏடுகளும், சர்க்காரின் ஓலைச் சுருணைகளும் வண்டி வண்டியாக உண்டு. கோட்டைப் பகுதியில் உள்ள சென்ட்ரல் ஆர்கைவ்ஸ் வாசலை நம்மில் பலர் தினமும் கடந்து போகிறோம். அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று நம் பாட்டனார்களுக்கே படிக்கத் தெரியாத லிபிகளை அங்கே காணலாம். வெளியூர் அங்கத்தினர்கள் சுவாமி தரிசனத்துக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேரன் பேத்திகளை அழைத்துப் போங்கள்.

உத்தியோகஸ்தர்கள் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு வி. நாகமையா ஓர் உதாரணம். 1875-ல் திருவாங்கூரில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்தினார். அப்போது ஜனங்கள் 23 லட்சம். 1906-ல் அவருடைய 'திருவாங்கூர் ஸ்டேட் மானுவல்' வெளிவந்தது. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

தொழிலாளர் சரித்திரத்துக்கென்றே காப்பகங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1935-ல் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். நம் தேசத்தில் நொய்டாவிலுள்ள வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில், 1998-ல் தொடங்கிய திட்டத்தின் மூலம் இந்தியத் தொழிலாளர் ஆவணங்களைச் சேகரித்தார்கள். ஆனால் எந்தக் காப்பகமும் நம் வீட்டு மச்சில் ஏறிப் பார்க்க முடியாது. அதை நாம்தான் செய்யவேண்டும்.

இனி சில நடைமுறை யோசனைகள்.

ஒன்று: காகிதம் ஏன் பழுக்கிறது? மரக்கூழில் செய்து படிகாரமும் ரெசினும் சேர்த்த காகிதத்தில் அமிலம் இருக்கும். அந்த அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக்குகிறது. நம் ஊர்ப் புழுக்கமும் ஈரமும் அதை இன்னும் துரிதப்படுத்தும். ஆகவே பெட்டியை மச்சிலும் சமையலறைக்கு மேலும் வைக்காதீர்கள். காற்றோட்டமான உள்ளறை அலமாரியில் வையுங்கள். வெயிலில் காயப்போடவும் கூடாது.

இரண்டு: குண்டூசிகளையும் கிளிப்புகளையும் எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். செலோடேப் ஒட்டாதீர்கள். கடையில் கொடுத்து லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பிறகு அதைப் பிரிக்க முடியாது. குறிப்பு எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களே எண்ணெய் தடவாமல், புல்தைலம் பூசிப் பழக்கமுள்ளவர்களிடம் காட்டுங்கள்.

மூன்று: பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். ஆங்கில வருஷம் காண, சிங்க மாதம் முதல் தனு பாதி வரை 824, அதற்குப் பின் 825 கூட்டவேண்டும். உதாரணமாக, கொல்லம் 1114 என்றால் 1938–39.

நான்கு: இன்றைக்கு எல்லோர் கையிலும் செல்ஃபோனில் கேமரா இருக்கிறது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பழைய போட்டோவில் இருப்பவர் யார் என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து: வம்சாவளியும் நிலப் பத்திரமும் மட்டும் போதும் என்று நினைக்கவேண்டாம். பாட்டி எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டில் பால் கொண்டுவந்தவள் பெயரும், நெல் குத்தியவள் பெயரும், தேங்காய் பறித்தவர் பெயரும், கொடுத்த சக்கரமும் இருக்கும். அவர்கள் வீட்டில் அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவர்களுடைய சரித்திரமும் நம்மிடம் அடைக்கலமாக இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாக, வீட்டை விற்பவர்களும் ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களும் பழைய காகிதங்களை எடைக்குப் போடும் முன் ஒரு வாரம் பொறுங்கள். ஆவணக் காப்பகத்தாரிடமோ பல்கலைக்கழகச் சரித்திர இலாகாவிலோ காட்டி, எது தேவை என்று கேளுங்கள். சபையில் சொன்னால் நானும் இன்னும் இரண்டு ரிட்டயர்ட் நண்பர்களும் வந்து பிரித்து அடுக்கித் தரத் தயாராக இருக்கிறோம். எங்களுக்கு ஒரு தம்ளர் காபி போதும்.

எங்கள் வீட்டு மச்சு காலியாகிவிட்டது. அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல நேர்ந்த பதிலை உங்களில் எவரும் எவருக்கும் சொல்ல நேராதிருக்கட்டும்.