தெற்கு வானத்தில் ஒரு ஜோடி

மார்ச் மாதத்தில், மேகம் இல்லாத ஒரு ராத்திரி எட்டே முக்கால், ஒன்பது மணிக்கு, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தைத் தாண்டி ஏரியூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் நின்று தெற்கே பாருங்கள். மேட்டூர் இருக்கும் திசை. தாழ்வாக, சற்று வலப்பக்கம் பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு இடது கைப்பக்கம், கொஞ்சம் மேலே, வானத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்கும். காமா வெலோரம் என்று பெயர். அகத்தியரைப் போல அவ்வளவு பிரகாசம் கிடையாது. ஆனால் விஷயம் இதனிடம்தான் இருக்கிறது.

1871 டிசம்பர் 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதைப் பார்க்க இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் லோரென்சோ ரெஸ்பிகி என்ற வானியலாளரும் ஒருவர். வந்த வேலை சூரியன். இருந்தாலும் சென்னையில் இருந்தபோது இந்த நட்சத்திரத்தின் ஒளியையும் பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார். சாதாரணமாக நட்சத்திர ஒளியைப் பிரித்தால் வானவில் பட்டையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். இதிலோ பிரகாசமான கோடுகள் இருந்தன. இத்தாலியிலிருந்து பார்த்தால் இந்த நட்சத்திரம் அடிவானத்தை விட்டு எழும்புவதே அரிது. நமக்கு அது தினசரி வானம்.

அந்தப் பிரகாசக் கோடுகளுக்குக் காரணம், நட்சத்திரத்தைச் சுற்றிக் கனமான வாயு வெளியே பாய்ந்துகொண்டிருப்பது. நட்சத்திரக் காற்று என்கிறார்கள். நம் சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது; ஆனால் இது விநாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகம். பென்னாகரத்தில் கிளம்பினால் கால் விநாடிக்குள் சென்னை. இறைத்துத் தள்ளும் வாயுவின் அளவோ சூரியன் விடுவதைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு. தள்ளுவது வேறெதுவும் இல்லை, அந்த நட்சத்திரத்தின் வெளிச்சமேதான்.

இந்த நட்சத்திரம் எக்ஸ்ரேயும் வீசுகிறது; இனி அதற்கு வருவோம். வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரே தரைக்கு வந்து சேராது. காற்று மண்டலம் மேலேயே உறிஞ்சிவிடும். ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியாலும் அதைப் பார்க்க முடியாது. செயற்கைக்கோள்தான் போகவேண்டும். 1978 நவம்பரில் அமெரிக்கா அனுப்பிய ஐன்ஸ்டைன் என்ற செயற்கைக்கோள், பெரிய சூடான நட்சத்திரங்கள் எக்ஸ்ரே வீசுவதைக் கண்டது. விஞ்ஞானிகள் இதை எதிர்பார்க்கவில்லை. சூரியனின் மேலடுக்கு கொதித்துப் புரள்வதால் காந்தப்புலம் உண்டாகிறது, அதனால்தான் அங்கே எக்ஸ்ரே. பெரிய நட்சத்திரங்களுக்கு அந்தக் கொதிக்கும் மேலடுக்கு இல்லையே, பிறகு எப்படி?

பதில் காற்றில் இருந்தது. ஒரே சீராக வீசாமல் கட்டி கட்டியாக, வேகமும் மந்தமுமாக வீசுகிற காற்று தனக்குத் தானே மோதிச் சூடேறுகிறது. காமா வெலோரத்துக்கு நேர் மேலே தெரியும் சீட்டா பப்பிஸ் இந்த ரகம்.

காமா வெலோரத்தில் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. சூரியனைப் போல் சுமார் 30 மடங்கு எடையுள்ள ஒன்று. மேல் தோலெல்லாம் உதிர்ந்து இப்போது சுமார் 9 மடங்கில் நிற்கும் இன்னொன்று. 78.5 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. இரண்டின் காற்றும் நடுவே மோதி, வாயு ஒரு கோடி டிகிரிக்கு மேல் சூடேறி எக்ஸ்ரே வீசுகிறது. மோதும் இடம் சரிபாதியில் இல்லை. வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் காவிரி கரைபுரண்டு வரும்போது, கலக்க வந்த சின்னாறு முகத்துவாரத்திலேயே ஒதுங்கி நிற்குமே, அதுபோல. தோல் உதிர்ந்ததன் காற்றுதான் பலமானது. அது மற்றதன் காற்றை ஓரங்கட்டி வளைத்துவிடுகிறது.

அந்தக் கனத்த காற்று எக்ஸ்ரேயையும் மறைக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், பெரிய நட்சத்திரம் நம் பக்கம் வரும் சில நாட்கள் அதன் மெல்லிய காற்று வழியாக உள்ளே பார்க்க வழி கிடைக்கிறது. 1990-ல் ஏவப்பட்ட ரோசாட் செயற்கைக்கோள் கவனித்தபோது, அந்த நாட்களில் எக்ஸ்ரே பலமாக ஏறி, பிறகு இறங்கியது. யாரும் போய்ப் பார்க்காமலே காற்றின் வடிவம் தெரிந்துவிட்டது. எனக்கு இந்த வானியல் பிடித்துப்போனதே இம்மாதிரிக் கெட்டிக்காரத்தனத்தால்தான்.

இந்தக் காற்றுக்கும் எக்ஸ்ரேக்கும் நாம் பயப்பட ஒன்றும் இல்லை. அது சுமார் 1,100 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். பிரகாசமான புள்ளியை ஒட்டி மங்கலாக இன்னொரு புள்ளி தெரியும். அதுதான் ஜோடி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு நட்சத்திரம். நான் சொன்ன இரண்டும் அந்தப் பிரகாசப் புள்ளிக்குள்ளேயே இருக்கின்றன; பைனாகுலர் அவற்றைப் பிரித்துக் காட்டாது.