ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது

(ஆலுவாவில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

குறுக்கெழுத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி, எழுதியதற்கு மார்க் போடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் நடுவில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற வருஷம் இதே ஊரில் நடந்த சின்னப் போட்டிக்கு நான்தான் நீதிபதி. அன்று நான் சொன்ன தீர்ப்பில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்துவதே இன்று எனக்கு முக்கியமான வேலை.

நம்மில் பலருக்குக் காலை காப்பியும் 'தி ஹிந்து' குறுக்கெழுத்தும் சேர்ந்தே வரும். அந்தப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து அமைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1958-இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. கப்பல்களை விட்டு இறங்கிய பிறகு கட்டங்களைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

குறுக்கெழுத்து பிறந்தது 1913 டிசம்பர் 21 அன்று. நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் என்பவர் அமைத்தார். அதில் இருந்தவை நேரான குறிப்புகள். குறிப்பிலேயே ஒரு பொறி வைக்கும் வழக்கத்தை வளர்த்தது இங்கிலாந்து. 'அப்சர்வர்' பத்திரிகையில் 1926 முதல் டார்க்கிமாடா, 1939 முதல் ஜிமினெஸ், 1972 முதல் அஸெட் என்று மூன்று பேர் புனைபெயரில் எழுதினார்கள். மூன்றும் ஸ்பெயின் நாட்டில் மத விசாரணை நடத்திய அதிகாரிகளின் பெயர்கள். மூன்றாமவர் மட்டும் 'டேஸா' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பெயர்தான் பயங்கரம், மனிதர்கள் நியாயஸ்தர்கள். ஜிமினெஸ் 1966-இல் இந்தக் கலைக்கு ஒரு புத்தகமே எழுதினார். வாசகர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குக் குறிப்பு எழுதச் சொல்லிப் பரிசு கொடுப்பார். எது ஏன் தேறியது, எது ஏன் தேறவில்லை என்று அச்சடித்த தாளும் அனுப்புவார். அவருடைய கொள்கையை அஸெட் பிறகு மூன்று விதிகளாகச் சுருக்கினார். விடைக்குச் சரியான பொருள் குறிப்பில் இருக்க வேண்டும். விடையின் எழுத்துகளைக் கட்டிக்கொள்ள நேர்மையான வழியும் இருக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

உதாரணத்துக்கு நான் எழுதிய ஒன்று: 'தாடி குறைந்தால் தாத்தாவின் கையில் இருப்பது (2).' படித்தவுடன் கத்தரிக்கோலும் நாவிதரும் கண்ணுக்குத் தெரியும். அதுதான் பொறி. 'தாத்தாவின் கையில் இருப்பது' என்பது பொருள். 'தாடி குறைந்தால்' என்பது வழி. நெடிலைக் குறிலாக்கினால் 'தடி'. கேட்பவரைத் திசை திருப்பினேன், ஆனால் பொய் சொல்லவில்லை. விடையைப் பார்த்த பிறகு குறிப்பைத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் கணக்குக் காட்டும். ஆபீஸில் நாங்கள் எழுதும் உத்தரவுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கலாம். இங்கே இரண்டு வேண்டும்: முதலாவது வழி தவற வைக்க, இரண்டாவது தணிக்கைக்கு நிற்க.

இது ஆங்கிலேயன் விளையாட்டு, தமிழுக்கு ஒட்டாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரத்தில் சித்திரகவி என்ற பகுதியைப் பாருங்கள். சொல்லில் எழுத்து எழுத்தாகக் குறைத்து வேறு சொற்கள் வரச் செய்வது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டு போவது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். சில கேள்விகளுக்குத் தனித்தனியாக வரும் விடைகளைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை வருவது வினாவுத்தரம். நெடிலைக் குறிலாக்குவதற்கு மாத்திரைச் சுருக்கம் என்று பெயர். நான் சொன்ன தாடியும் தடியும் அந்த வகைதான்.

நம் குறிப்புகளில் இவை எப்படி வரும்? 'தலை இழந்த நகரம் கை (3)' என்றால் விடை 'கரம்'. 'அக்கா விரித்ததில் ஒளிந்திருக்கும் நதி (3)' என்றால், அக்காவின் பின்பாதியையும் விரித்ததின் முன்பாதியையும் சேர்த்துப் படியுங்கள், 'காவிரி' ஓடும். 'கொடு' என்பதற்கு இன்னொரு சொல் என்ன? தா. ஒரு வகை மான் எது? மரை. இரண்டும் சேர்ந்து குளத்தில் பூப்பது எது? தாமரை. இவற்றுக்கெல்லாம் நம்மிடம் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் குலுக்கிப் போடுவது சுலபம். நம் உயிர்மெய் எழுத்தை வைத்துக்கொண்டு அது அவ்வளவு எளிதல்ல. ஆனால் குறில் நெடிலை வைத்து நாம் ஆடும் ஆட்டம் அவர்களுக்குக் கிடையாது. கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இந்த முறையில் தமிழ்க் குறுக்கெழுத்துகள் அமைத்து, இது முடியும் என்று காட்டினார்.

இனி நம் போட்டிக்கு வருகிறேன். கொடுத்த சொல் 'ஆலுவா'. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, திருப்பூணித்துறை, பாலக்காடு என்று பல இடங்களிலிருந்தும் குறிப்புகள் வந்தன. வெளியூர் உறுப்பினர்கள் தபாலிலும் அனுப்பினார்கள்.

'பெரியாற்றங்கரையில் உள்ள அழகான ஊர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊரைப் பற்றி நல்ல வார்த்தைதான், ஆனால் வழி இல்லை. பெரியாற்றங்கரையில் அழகான ஊர்கள் வேறு இல்லையா?

ஒரு சிறுமி எழுதியது: 'வாலும் பசுவும் திரும்பி வந்த ஊர் (3).' வாலு, ஆ. இரண்டையும் வரிசையாக வைத்துத் திருப்பிப் படியுங்கள், ஆலுவா வரும்! பேச்சு வழக்கில் வாலைப் பிடித்திருந்தாலும் வழி மிக அழகு. பொருள்தான் போதாது. 'ஊர்' என்றால் எந்த ஊர்? அதனால் மூன்றாம் இடம் கொடுத்தேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் பரிசு பெற்றது இது: 'இனிப்பு முதலை நீட்டினால் காலடியின் பக்கம் வரும் ஊர் (3).' படித்ததும் பெரியாற்றில் ஆதிசங்கரரின் காலைப் பிடித்த முதலைதான் ஞாபகம் வரும். உண்மையில் அது முதலை அல்ல, முதல் எழுத்து. 'அலுவா' என்ற இனிப்பின் முதல் எழுத்தை நீட்டினால் ஆலுவா. காலடி என்பதும் பாதம் அல்ல, சங்கரர் பிறந்த காலடி. நான் வாய்விட்டுச் சிரித்து, பரிசைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு குறிப்பும் இருந்தது, ஒரு மாமி எழுதியது: 'மரத்தோடு அமாவாசை சேர, மணப்புறத்தில் கூட்டம் கூடும் ஊர் (3).' மரம் என்றால் ஆல். அமாவாசை என்றால் உவா. ஆல், உவா, ஆலுவா. மெய்யின் மேல் உயிர் ஏறும் சாதாரணப் புணர்ச்சிதான். (ஊர்ப் பெயர் இப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இது விளையாட்டு.)

அன்று நான் என்ன செய்தேன்? உவா என்றால் பௌர்ணமி என்று எங்கோ படித்த ஞாபகம். கையில் இருந்த சிறிய அகராதியும் 'முழுமதி' என்றே சொன்னது. ஃபைலில் எழுதுவதுபோல் ஓரத்தில் 'பொருள் பிழை, ஏற்பதற்கில்லை' என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேடையில் மைக்கைப் பிடித்து, "ஒரு மாமி பௌர்ணமியை அமாவாசையாக்கிவிட்டார்" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். மாமியும் சிரித்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய இதே மணப்புறத்துக்கு வந்தேன். இவ்வூர்க்காரர்களுக்கு அது கர்க்கடக வாவு. நெரிசலில் நின்றபோது பக்கத்தில் ஒருவர் "கறுத்த வாவல்லே, திரக்கு உண்டாகும்" என்றார். கறுத்த வாவு! என் பாட்டியும் "நாளைக்கு வாவாக்கும்" என்று சொல்வாள். சிறு வயது முதல் கேட்ட சொல். அதை மலையாளம் என்றே நினைத்திருந்தேன். கறுத்த வாவு என்றால் அமாவாசை, வெளுத்த வாவு என்றால் பௌர்ணமி. அப்படியானால் வாவு இரண்டுக்கும் பொது. சரி, வாவு என்பது எந்தச் சொல்?

வீட்டுக்கு வந்ததும் பெரிய அகராதியைத் தேடிப் பிடித்தேன். உவா என்பதற்குப் பௌர்ணமி என்றும் இருக்கிறது, அமாவாசை என்றும் இருக்கிறது. காருவா என்றால் அமாவாசை, வெள்ளுவா என்றால் பௌர்ணமி. கறுத்த வாவும் வெளுத்த வாவும் அப்படியே! தமிழில் உவா, உவவு. மலையாளத்தில் வாவு. இரண்டும் ஒரே சொல். மாமி எழுதியது முழுக்கச் சரி. பொருள் சரி, வழி சரி, அதிகப்படி சொல் ஒன்றும் இல்லை. மேலே படித்தாலும் சிவராத்திரி முடிந்து அமாவாசைக்குப் பலியிட வரும் கூட்டம் கண்முன் நிற்கிறது. அவர் எழுதியது வீட்டில் புழங்கிய சொல். அது எனக்கும் வீட்டுச் சொல்தான். நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.

இதில் இன்னொரு வெட்கம் உண்டு. முதல் பரிசு வாங்கிய குறிப்பில் 'அலுவா' என்ற சொல்லை நான் அகராதியில் பார்க்கவே இல்லை. நாம் எழுதுவது அல்வா. மலையாளத்தில் அலுவ. பேச்சில் அலுவா என்பவர்கள் உண்டு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைச் சிரிக்க வைத்த குறிப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் புரியாத குறிப்புக்குப் பூதக்கண்ணாடி வைத்தேன். பௌதிகம் படித்தவன் நான். அளப்பதற்கு முன் கருவியில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். இங்கே கருவி நான்தான். அதைப் பார்க்கத் தவறினேன்.

ஆகவே, மார்க் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது நான்கு. ஒன்று, யார் எழுதியது என்று தெரியாமல் படியுங்கள். இரண்டு, பிடித்த குறிப்பைத்தான் முதலில் அகராதியில் சோதியுங்கள். பிடிக்காததை எப்படியும் சோதிப்பீர்கள். மூன்று, தெரியாத சொல்லைப் பிழை என்று எழுதுவதற்கு முன் இன்னும் இரண்டு இடத்தில் தேடுங்கள். அதில் ஓரிடம் பாட்டியாக இருக்கட்டும். நான்கு, நிராகரிக்கும் காரணத்தை எழுதியவரிடம் தனியாகச் சொல்லுங்கள், பதில் சொல்ல இடம் கொடுங்கள். மேடையில் சொல்லாதீர்கள். குறிப்பு எழுதுபவர் ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. தீர்ப்பு சொல்பவருக்கு இரண்டுமே கூடாது. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதும் அதில் சேர்த்தி.

நம் பிள்ளைகளில் பலர் மும்பையிலும் டில்லியிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தே தெரியாதவர்களும் உண்டு. தெரிந்த நாலு சொல்லைக் கொண்டு அவர்கள் ஒரு குறிப்பு எழுதினால், அதை ஒரு பேனாக் கோட்டில் அடித்துவிடாதீர்கள். நம் வீட்டுச் சொற்கள் அகராதியில் இல்லாததுபோல் தோன்றும். தோண்டினால் அடியில் இருக்கும்.

இதே ஆலுவாவில் 1924-இல் ஸ்ரீநாராயண குரு சர்வமத மாநாடு கூட்டினார். வாதாடி வெல்வதற்காக அல்ல, அறிந்துகொள்ளவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்பது அதன் நோக்கமாக இருந்தது. நம் சின்ன விளையாட்டுக்கும் அது பொருந்தும்.

மாமி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சென்ற வருஷத் தீர்ப்பைத் திருத்துகிறேன். முதலைக் குறிப்புக்குக் கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. அது என் தாராளம், அவர் தவறு அல்ல. மாமிக்கும் முதல் பரிசு. அதே மாதிரி எவர்சில்வர் டிபன் கேரியர், என் சொந்தச் செலவில். மேடையில் செய்த பிழைக்கு மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த போட்டிக்குச் சொல்: காலடி. மூன்றெழுத்து. கால் இருக்கிறது, அடி இருக்கிறது, ஊர் இருக்கிறது, சங்கரரும் இருக்கிறார். எல்லா ஊர்களிலிருந்தும் எழுதுங்கள். இந்தத் தடவை நீதிபதிகள் இரண்டு பேர். இன்னொருவர் அந்த மாமிதான்.