தோற்ற ஆட்டத்தை எழுதி வைப்போம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு கொடுக்கும் நாளில் தோல்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். வென்றவர்களை நாம் எல்லாரும் கைதட்டிப் பாராட்டியாயிற்று. பரிசு இல்லாமல் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, நம் சதுரங்கக் குழுவின் பிள்ளைகள், அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

கோலசிலாங்கூர் மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியதும், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" என்பதுதான். இல்லையென்றால் மறுநாள் என்னிடம் வந்து, "தோத்துட்டு வர்றதுக்கா சார் அவ்வளவு தூரம் போகணும்? வீட்டுலேயே அண்ணன் தம்பி ஆடிக்கட்டுமே" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடுமுறை நாள் போகிறது, சாப்பாட்டுச் செலவு, வண்டிச் செலவு இருக்கிறது. ஆகவே பதில் சொல்வது என் கடமை.

வீட்டில் ஆடும்போது, "ஐயோ, தெரியாம வச்சிட்டேன்" என்று காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் அது நடக்காது. ஆட நினைத்துத் தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே முன்பின் தெரியாத பிள்ளை உட்கார்ந்திருக்கும். யோசித்த பிறகே கை நீள வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வருகிறது.

புதிதாக ஆடும் பிள்ளைகள் பலர் நான்கே நகர்த்தலில் தோற்றுவிடுவது உங்களுக்குத் தெரியுமா? ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி. அந்த மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்க்கு ஆட்டத் தொடக்கத்தில் ராஜா ஒருவர் மட்டுமே காவல். எதிரி ராணியையும் மந்திரியையும் அந்த ஒரு கட்டத்தின் மீது குறிவைத்துப் பாய்ந்தால் கதை முடிந்தது. ஒரு முறை இப்படித் தோற்ற பிள்ளை, அடுத்த முறை எதிரியின் ராணி சீக்கிரமாக வெளியே வந்தவுடனேயே அந்தச் சிப்பாயைத்தான் பார்க்கும். நான் கரும்பலகையில் பத்து தடவை வரைந்து காட்டியும் பதியாதது அந்த ஒரு தோல்வியில் பதிந்துவிடுகிறது.

தோல்வியில் படித்து உயர்ந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். நம் தமிழ் மண்ணில் வளர்ந்தவர், மனுவேல் ஆரோன். 1935-ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்தில் இந்தியாவில் பல இடங்களில் சதுரங்கத்தை உள்ளூர் விதிகளின்படிதான் ஆடினார்கள். 1960-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் அவர் இந்தியாவின் முதல் பலகையில் அமர்ந்தார். உலக வாகையராக இருந்த மேக்ஸ் யூவேயை அங்கே வென்றார். 1961-இல் ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை வென்று, இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1962-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் 23 பேர் மோதினார்கள். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் முதலிடம். நம் ஆரோன் கடைசி இடம்! ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் அவர் தோற்கடித்திருந்தார். கடைசி இடம் வந்துவிட்டதே என்று பலகையை மூடி வைத்தாரா? இல்லை. 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை இந்தியத் தேசிய வாகையரானார். 1972-இல் சென்னையில் டால் சதுரங்கக் கழகம் தொடங்கியவரும் அவர்தான். அந்தக் கழகத்தில் ஆடிப் பழகிய சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலக வாகை சூடினார்.

அண்மையில் நமக்குப் பக்கத்திலேயே நடந்ததையும் சொல்கிறேன். 2024-இல் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரெனுடன் உலகப் பட்டத்துக்கு ஆடினார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினொன்றில் வென்றார், பன்னிரண்டில் மறுபடியும் தோற்றார். கடைசியான பதினான்காவது ஆட்டத்தில் வென்று, டிசம்பர் 12-ஆம் நாள், 18 வயதில் உலக வாகையரானார்.

ஆனால் பெற்றோர்களே, தோற்றால் மட்டும் அறிவு வந்துவிடாது. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பலகையில் நெடுக்கு வரிசைக்கு ஓர் எழுத்து, குறுக்கு வரிசைக்கு ஓர் எண். ஆக 64 கட்டங்களுக்கும் பெயர் உண்டு. பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியாக வேண்டும். விரைவு ஆட்டங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் நினைவிலிருந்து எழுதப் பழகுகிறார்கள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்படி எழுதிய இரண்டு ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் குதிரை ஒரே சமயத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்கி, ராணி பறிபோயிருந்தது. "சார், ரெண்டும் ஒரே மாதிரி!" என்று அவளே கண்டுபிடித்தாள். இப்போது எதிரியின் குதிரை எங்கே தாவும் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கையை நீட்டுகிறாள். இன்று அவளுக்குக் கோப்பை இல்லை. அவள் கற்றுக்கொண்டது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பால்மரம் வெட்டப் பழகியபோது கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படவில்லையா? மண்டோர் வந்து வெட்டைக் காட்டித் திட்டவில்லையா? மறுநாளும் கத்தியைத் தீட்டிக்கொண்டு அதே நிரைக்குத்தானே போனீர்கள்! செம்பனைக் குலை பழுத்ததை உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களே, அந்தக் கண்ணும் ஒரே நாளில் வந்ததில்லை. அந்தப் பொறுமையை உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த போட்டிக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எங்க தப்பாச்சு, காட்டு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லும்போதே பிள்ளைக்குத் தன் தவறு விளங்கிவிடும்.

மாணவச் செல்வங்களே! தோற்றதும் எதிரே இருப்பவருக்குக் கை கொடுங்கள். பிறகு ஆட்டத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை பலகையோடு காத்திருப்பேன்.