சைரன் ஊதினா என்ன செய்யணும்?



கூடங்குளம் அணு உலையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. வேணுமா, வேண்டாமான்னு பட்டிமன்றம் வைக்க நான் வரலை. இடிந்தகரைப் பந்தலில் பீடி சுத்திக்கிட்டே போராடினவங்க நம்மகிட்ட இருக்காங்க. வீட்டுக்காரர் உலைக்குள்ள ஒப்பந்த வேலைக்குப் போறவங்களும் இருக்காங்க. 2012-ல இவங்க ரெண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேசிக்கலை. ஆனாலும் சேமிப்புப் பணம் ஒரு வாரம்கூட நிக்கலை, அதையும் சொல்லணும்.

2013-ல முதல் உலை, 2016-ல ரெண்டாவது உலை மின்சாரம் தர ஆரம்பிச்சது. ஒவ்வொண்ணும் 1000 மெகாவாட். இன்னும் நாலு கட்டுறாங்க. உலையில இருந்து 16 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஊருக்கெல்லாம் அவசரகாலத் திட்டம் இருக்கணும். 2012 ஜூன்ல நக்கனேரியில ஒத்திகை நடந்தது.

சைரன் ஊதினா என்ன செய்வீங்கன்னு எங்க தெருவில கேட்டேன். "பிள்ளையத் தூக்கிட்டு ஓடுவோம்"னாங்க. ஓடக்கூடாது தாயி. முதல்ல வீட்டுக்குள்ள போய் கதவு, சன்னலைச் சாத்தணும். தண்ணிக் குடத்தையும் சோத்துப் பானையையும் மூடணும். அயோடின் மாத்திரையை அதிகாரிங்க சொன்ன பிறகுதான் முழுங்கணும். அது தைராய்டை மட்டும்தான் காக்கும்.

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில கேட்போம்: அடுத்த ஒத்திகை எப்போ? மாத்திரை எங்க இருக்கு? படுத்த படுக்கையா கிடக்கிற பாட்டியை ஏத்த எந்த வண்டி வரும்? பாஸ்புக்கில பத்து ரூபாய் குறைஞ்சா பேங்க்ல நின்னு கேட்கிறோமில்ல, அதே குரல்ல கேளுங்க.

தீர்மானத் தாள் வாசல் மேசையில இருக்கு. குழுவுக்கு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுட்டு சாப்பிடப் போங்க.