இடைப்பிறவரலும் குறியீடும்

(செஞ்சியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் உபகாரச் சம்பளம் வேண்டி எழுதும் விண்ணப்பங்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். சென்ற ஆண்டு என் மாணாக்கன் ஒருவன் இவ்வாறு எழுதினான்: "என் பெரிய தந்தையார், என் தந்தையார் இறந்துவிட்டார் என் படிப்புச் செலவை ஏற்றிருக்கிறார்." அக்குடும்பத்தை நன்கறிந்த யான் பிழை காணாது கையொப்பமிட்டேன். அறியாத அலுவலரோ இருவரும் இறந்தனரெனக் கொண்டு, செலவை ஏற்றவர் யாரென வினவித் திருப்பிவிட்டார். விளக்கம் அனுப்புவதற்குள் தவணை கடந்தது. பிழை பிள்ளையுடையதன்று, கற்பியாத என்னுடையது.

வாக்கியத்தின் நடுவே பிற சொற்கள் வந்து நிற்பது தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் இதனை இடைப்பிறவரல் என்று கூறி, பொருந்துவன வரலாமென்று இசைவுங் கொடுத்தார். ஏட்டுச்சுவடிகளில் இக்காலக் குறிகள் இல்லை. ஆசிரியர் வாயாற் பிரித்துப் படித்தார், மாணாக்கர் செவியாற் கொண்டனர். அச்சுநூலைத் தனியே இருந்து கண்ணாற் படிப்பவனுக்கு அவ்வாசிரியர் அருகில் இல்லை. ஆதலின் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களிற் குறிகளை இட்டு அவற்றை வழக்கில் நிறுத்தினார். குறிகள் மேனாட்டுச் சரக்கென்பர் சிலர். ஆகலாம், அச்சும் அங்கிருந்தே வந்தது.

இப்பொழுது வகுப்பில் யான் செய்வதைக் கூறுகின்றேன். "செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது மூன்று மலைகளைத் தழுவியது" என்று கரும்பலகையில் எழுதி, எப்பகுதியைக் கையால் மறைத்தாலும் வாக்கியம் நிற்குமென்று வினவுகின்றேன். மறைத்த பகுதிக்கு இருபுறமும் குறி வேண்டும். பிள்ளைகள் முன்னே இட்டுப் பின்னே மறப்பர். ஒருபுறம் மதிலெழுப்பி மறுபுறத்தைத் திறந்து விட்டால் கோட்டை நிற்குமா என்று கேட்டால், செஞ்சிப் பிள்ளைகளுக்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. சிறு விளக்கத்திற்குக் காற்புள்ளி போதும். இடையே வந்தது தனக்கென ஒரு முற்றுவினை உடையதாயின் அடைப்புக்குறி இடுக என்கின்றேன்.

எல்லாவற்றிற்கும் குறி தேடுவதும் வேண்டா. "மூன்று மலைகளுள் உயர்ந்ததாகிய இராஜகிரி" என்றால், ஆகிய என்னுஞ் சொல்லே குறியின் தொழிலைச் செய்துவிடுகின்றது. அம்மாணாக்கனும் இவ்வாண்டு, "என் தந்தையார் இறந்துவிட்டமையால், என் பெரிய தந்தையார் என் படிப்புச் செலவை ஏற்றிருக்கிறார்" என்று மாற்றி எழுதியிருக்கின்றான். விண்ணப்பம் என் மேசைமேல் உள்ளது. அக்குடும்பத்தை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்த பின்னரே இம்முறை கையொப்பமிடுவேன்.